கார்டுக்கு நெற்றி எது

என் வீட்டுக்காரருக்கு ஒரு பொருளின் மேல் பிரியம் வந்துவிட்டால் அந்தப் பொருளுக்குக் கேடுகாலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குளிப்பாட்டாமல் விடமாட்டார். கல்யாணத்துக்கு என் அப்பா வாங்கிக் கொடுத்த சைக்கிளை ஞாயிற்றுக்கிழமைதோறும் தாமிரபரணிக்கு உருட்டிக்கொண்டு போவார். தான் ஒரு முங்கு, சைக்கிள் ஒரு முங்கு. வருஷம் திரும்புவதற்குள் அது தெருமுனையில் வரும்போதே கிரீச்சென்று கேட்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் சோறு எடுத்துவைப்பேன். ரேடியோவை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, அது செய்தி வாசிப்பதை விட்டுவிட்டு வெறுமனே பொரிந்துகொண்டிருந்தது. அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை. தலைக்கு ஊற்றிவிட மனுஷனுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எல்லா நாளும் மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை.

ஐயம்பெருமாள் என்று பேர். ஊர் சேரன்மகாதேவி. பக்கத்து டவுனில், வண்ணாரப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தார். தமிழும் இங்கிலீஷும் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். சாப்பிட உட்கார்ந்தால்கூட விரல்கள் இலையில் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். தொண்ணூற்று நாலு வாக்கில் அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ஊரில் இருந்த டைப்பிஸ்டுகளெல்லாம் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த நேரம் அது. இவர் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி ஞானம், தப்பா அடிச்சா அழிக்கவே வேண்டாம் கேட்டியா. தாளே கிடையாது. தப்பு அங்கனயே செத்துப்போவுது" என்றார்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இனிமேல் சைக்கிளுக்குக் குளியல் கிடையாது என்று.

ரெண்டு வருஷம் கழித்து அந்த ஆபீஸ் கோயம்புத்தூருக்குப் போயிற்று. கூட வாரும் என்று கூப்பிட்டார்கள். இவர் ஆற்றை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். கணக்கு முடிக்கும்போது, புதுசு வாங்கப் போகிறார்களே என்று அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, வாடகைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். முன் ரூமில் மேஜை போட்டு வைத்து, வாசலில் போர்டு மாட்டினார்: தாமிரபரணி கம்ப்யூட்டர் சென்டர். உள்ளே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். "சென்டர்ங்கீங்க, சுத்தி ஒண்ணையும் காணோமே" என்றேன். "வரும்ளா" என்றார்.

வரவில்லை. ஆவணியில் போர்டு மாட்டினோம். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "விஜயதசமிக்குச் சேத்துவிடுவோம் அண்ணாச்சி." எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு எந்தப் படிப்பும் விஜயதசமி அன்றைக்குத் தொடங்கினால்தான் ஏறும். அது வரைக்கும் இவர் தினமும் கம்ப்யூட்டரைத் திறந்து, தானே வாத்தியாராகவும் தானே பிள்ளையாகவும் இருந்து பாடம் நடத்திக்கொண்டார்.

என் அண்ணாச்சி குற்றாலலிங்கம் மதுரையில் பலசரக்கு மொத்த வியாபாரம். சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முந்தி, அம்பாசமுத்திரத்தில் அரிசி ஏற்ற வந்த லாரியிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"மாப்ளே, நீரு நல்ல மனுசன். அதைப் பத்திப் பேச்சு இல்ல. விஜயதசமி அன்னைக்கு இந்த ரூம்ல பிள்ளைக வந்து உக்காந்துட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலைன்னா அன்னைக்குச் சாயந்தரம் ரெண்டு பேரும் லாரியில ஏறிரணும். கடையில உமக்கு ஒரு நாக்காலி போட்டு வச்சிருக்கேன்."

இவர் சரி என்று தலையாட்டிவிட்டார். அண்ணாச்சி சும்மா இருக்கிற ஆள் இல்லை. மறுநாளே பாத்திரம் பண்டங்களில் பாதியைச் சாக்கில் போட்டு, வியாபாரிக் கையாயிற்றே, கோணி ஊசியால் வாயைத் தைத்து வரிசையாகச் சுவரோரம் சாத்திவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதுரையில் அந்தக் கடைக்கு மேலே மாடியில் ஒரு ரூம் உண்டு. நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் மிளகாய் வத்தல் நெடி. அந்த நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து சாக்குகளுக்கு நம்பர் போடுவதை நினைத்துப் பார்த்தேன். அழுகை வந்தது. அண்ணாச்சி எங்கள் நல்லதுக்குத்தான் செய்கிறார் என்பது தெரியும், அதனால் சண்டையும் போட முடியவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் சாயந்தரம் நான் அடுக்களையில் சுண்டலுக்கு ஊறப்போடக் கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் முன் ரூமில் கம்ப்யூட்டர் பெட்டியின் தகர மூடியைக் கழற்றி வைத்திருந்தார். என்ன செய்யுதீங்க என்று அங்கிருந்தே கேட்டேன்.

"நீ சொல்லு, உள்ள இருந்து வேலை பாக்குறவனுக்கு ஒண்ணுமில்ல, வெளிய இருக்க தகரத்துக்கு மட்டும் சந்தனமா? அது நியாயமா?"

நியாயம்தான் என்று தோன்றியது. மறுபடியும் கடலையில் குனிந்துவிட்டேன்.

காலையில் மூடியைப் பூட்டி, ஸ்குரூடிரைவரைக் கழுவிப் பொட்டு வைத்து சாமி முன்னால் கொண்டுபோய் வைத்தார். எங்கள் வீட்டில் அன்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஸ்குரூடிரைவர், கத்தி, அரிவாள்மனை, கத்திரிக்கோல், புஸ்தகம், பேனா எல்லாம் பூஜையில் ஏறிவிடும். ஏறிவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை முடிகிற வரைக்கும் தொடக் கூடாது. அன்றைக்கு வேண்டிய காயை முந்தின நாளே நறுக்கி வைத்துவிடுவேன்.

பூஜை நடக்கும்போது கம்ப்யூட்டர் திரையில் 'சரஸ்வதி துணை' என்று தெரிய வேண்டும் என்பது இவர் ஆசை. அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். இவர் சுவிட்சைப் போட்டார். காற்றாடி சுற்றியது. திரை கருங்கல்லாக நின்றது. பெட்டிக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. பீஈஈஈப், பிப், பிப். அணைத்துப் போட்டார். மறுபடியும் பீஈஈஈப், பிப், பிப்.

"சாமி கும்பிடுதோ" என்றார் அண்ணாச்சி.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விடிந்தால் விஜயதசமி. போகிற வருகிறவர்களிடமெல்லாம் காலையிலேயே வந்துவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார். யார் வந்தாலும் காட்டுவதற்கு ஒரு கறுப்புக் கண்ணாடிதான் இருந்தது.

மேலப்பாளையத்தில் நூர்முகம்மது என்று ஒருத்தர் இருந்தார். லாரி ஆபீசில் இருந்தபோதே அந்தக் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்த்தவர். அவருக்குப் போன் போடலாம் என்று பஜாரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். அங்கே போனுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். இவர் காதில் வைத்ததும் சந்தனம் ஒட்டிக்கொண்டது. இவர் அதைக் கவனிக்கவே இல்லை. விஷயத்தைச் சொன்னார். சத்தம் எப்படி வருது, அப்படியே செஞ்சு காட்டுங்க என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். இவர் ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பீஈஈஈப், பிப், பிப்" என்றார். பூத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்கலியா? ஒரு நெடில் வே, ரெண்டு குறில்" என்று விளக்கிவிட்டு, இன்னொரு தரம் இன்னும் உரக்கச் செய்தார். பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் புரையேறி இருமினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எல்லோரையும் அறைய வேண்டும் போலவும் வந்தது.

நூர்முகம்மது சொன்னதை வரும் வழியில் இவர் சொல்லிக்கொண்டு வந்தார். திரையில் எழுத்தையும் படத்தையும் காட்டுவதற்கென்று பெட்டிக்குள் ஒரு கார்டு சொருகியிருக்குமாம். டிஸ்ப்ளே கார்டு. ஒரு நெடில், ரெண்டு குறில் அடித்தால் அந்தக் கார்டு செத்துவிட்டது, இல்லை சரியாக உட்காரவில்லை என்று அர்த்தமாம். கழற்றி மறுபடியும் அழுத்திச் சொருகிப் பார்க்க வேண்டும். அவரே வந்து பார்க்கலாமென்றால் கடையநல்லூரில் கல்யாண வீடு, மத்தியானம் வேன் கிளம்புகிறது. வேறு கார்டு கடையில் இருக்கிறதா என்றால், கடையைக் கூட்டாளி காசிலிங்கம் பூஜை போட்டுப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

"எதுவும் செஞ்சீங்களான்னு கேட்டாரு. ஒண்ணும் செய்யலியேன்னேன்" என்றார்.

நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறக்க வேண்டும். ஸ்குரூடிரைவர் சரஸ்வதியிடம் இருக்கிறது. கத்தியும் அவளிடம்தான். பக்கத்து வீடுகளில் கேட்பதில் அர்த்தமே இல்லை, அங்கேயும் இதே கதைதான். இவர் நகத்தால் திருகிப் பார்த்தார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இடுப்பு மடியைத் தடவி ஒரு நாலணாவை எடுத்து நீட்டினார்.

"காசுக்கு எவனும் பூசை போட மாட்டான், தள்ளும்" என்று அவரே குனிந்து திருக ஆரம்பித்தார். சாக்குத் தைத்துப் பழகிய கை. திருகெல்லாம் பேசாமல் கழன்று வந்தது.

இவர் அந்தக் கார்டைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். பச்சையாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்தது. அதன் ஒரு ஓரத்தில் பல் வரிசை மாதிரி தங்க நிறக் கோடுகள். அந்தப் பல்லின் மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மூன்று விரல் பட்டை. திருநீறு. நடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். எல்லாம் ஐப்பசி ஈரத்தில் காய்ந்தும் காயாமலும் அப்பியிருந்தது.

"இது என்னது?" என்றேன்.

"பட்டை."

"பட்டைன்னு தெரியுது. இங்கன எதுக்குப் போட்டீங்க?"

"தங்கம் இருக்குற பக்கந்தானளா நெத்தி" என்றார் இவர். "நம்ம அம்மனுக்கு நெத்திச்சுட்டி எங்கன இருக்கு? அதப் பாத்துத்தான் வச்சேன். குளிப்பாட்டல, அது கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஈரத் துணிய வச்சு லேசா ஒரு தொடை தொடச்சேன், அவ்வளவுதான்."

அண்ணாச்சி கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "மாப்ளே, இந்தத் தங்கம்தான உள்ள போயி அந்தப் பள்ளத்துல உக்காருது? நீரு நெத்தியில பூசல வே, வாயில பூசிட்டீரு. அது எப்படிப் பேசும்?"

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானே கொன்னுட்டேன்" என்றார். சுவரோரம் சாக்குகள் வரிசையாக நின்றன. நான் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் பூத்துக்குப் போனேன்.

நூர்முகம்மது வேனில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கி வந்து போனை எடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் குக்குக்கென்று ஒரு சத்தம். சிரிக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. கரப்பான் பூச்சி பாத்திருக்கேன், எலி பாத்திருக்கேன், காப்பி கொட்டுன கார்டு பாத்திருக்கேன். திருநீறு பூசுன கார்டு இப்பத்தான் கேக்கேன். சாகலை. தண்ணி மட்டும் தொடாதீங்க. பிள்ளைக பென்சில் அழிக்கும்லா, அந்த ரப்பர எடுத்து அந்தத் தங்கத்தப் பைய அழிங்க. ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் நீலம் இருக்குமே, அதுன்னா செவப்புப் பக்கம். நீலப் பக்கம் தங்கத்தையே தின்னுரும். ஐயம்பெருமாள் அண்ணாச்சிய தொட விடாதீங்க." வேனில் யாரோ கத்தினார்கள். அவர் வைத்துவிட்டார்.

ரப்பர்தானே என்று லேசாக நினைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். முதல் வீட்டில் கேட்டேன். "டப்பாவோட சாமிகிட்ட இருக்கே மதினி" என்றாள் மாரிக்கண்ணு. அடுத்த வீட்டிலும் சாமியிடம். அதற்கடுத்த வீட்டிலும். எப்படா பூஜை வரும், புஸ்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் இருக்கலாம் என்று காத்துக்கிடந்த பிள்ளைகள் ஊரில் இருந்த அத்தனை ரப்பரையும் அத்தனை பென்சிலையும் கொண்டுபோய் அடைத்துவைத்திருந்தன. கடையில் புதுசு வாங்கலாமென்றால் கடைக்கும் பூஜை. வீட்டுக்கு வந்து, நம்ம பூஜையில் இருப்பதை ஒரு நிமிஷம் எடுத்துவிட்டு வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"அவகிட்ட இருந்து பிடுங்கச் சொல்லுதியா? இருக்குற கோவம் போதாதா அவளுக்கு?" என்றார் இவர்.

காலையில் மறுபூஜை முடிந்து எடுக்கலாம். ஆனால் அதற்குள் வாசலில் ஆள் வந்துவிடும். அழித்தும் சரியாகவில்லை என்றால் அப்புறம் அழுவதற்குக்கூட நேரம் இருக்காது.

யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, சர்ச் விட்டு ஆட்கள் வருவது தெரிந்தது. வெள்ளைச் சேலையும் குடையுமாக ஹெப்சிபா டீச்சர். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் ஒன்றாம் வகுப்பு. என்னைவிட மூத்தவர். ஓடிப்போய் மறித்தேன்.

"டீச்சர், உங்க வீட்ல ரப்பர் இருக்கா?"

டீச்சர் குடையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "உங்க வீட்டுல எல்லாத்துக்கும் லீவு குடுத்தாச்சு, அதனால எங்க வீட்டுக்கு வாரீகளாக்கும்" என்றார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் வாசனை அடித்தது. எத்தனையோ வருஷமாக வகுப்பில் பிள்ளைகளிடம் பிடுங்கிவைத்த ரப்பர்கள். ஸ்ட்ராபெரி, வாழைப்பழம், பஸ், கிளி, பாதி கடித்த யானை என்று டப்பா நிறையக் கிடந்தது. "படிக்கிற நேரத்துல மோந்து பாத்துக்கிட்டு இருந்தா பிடுங்காம என்ன செய்ய" என்றார். அதில் சிவப்பும் நீலமுமாக ஒன்றைத் தேடி எடுத்தோம். டீச்சர் அதை என்னிடம் தரவில்லை. "வா, நானே வாரேன். பட்டை போட்ட மிஷின நானும் பாக்கணும்."

முன் ரூமில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு துண்டை விரித்து, கார்டை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார்.

"நீங்க கையைக் கட்டிக்கிட்டுச் சுவரோரமா நில்லுங்க" என்றேன்.

"பிடிக்க மட்டும் செய்யுதேனே."

"ஐயம்பெருமாள், சொன்னாக் கேக்கணும்" என்றார் டீச்சர். அவர் குரலைக் கேட்டதும் இவர் கை தானாகக் கட்டிக்கொண்டது. ஒன்றாம் வகுப்பில் இவரும் அவரிடம் படித்தவர்தானே.

டீச்சர் பைய அழித்தார். தாள் கிழியாமல் அழிப்பது போல ஒரே பக்கமாக, ஊதி ஊதி. திருநீறு உதிர்ந்தது. குங்குமம் ரப்பரில் ஏறிற்று. அடியிலிருந்து ஒவ்வொரு பல்லாகப் பளிச்சென்று வந்தது. அண்ணாச்சி டார்ச் அடித்துக்கொண்டு, "அந்தக் கடைசில ஒண்ணு விட்டுட்டீங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மதுரைக்கு மூட்டை கட்ட வந்த ஆள் என்பது அவருக்கே மறந்துவிட்டது போலிருந்தது.

கார்டைச் சொருகிச் சுவிட்சைப் போட்டோம். பீஈஈஈப், பிப், பிப்.

என் வீட்டுக்காரர் கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றார். கண் நிறைந்துவிட்டது. பரவாயில்லை ஞானம், போவோம், என்று மெல்லச் சொன்னார். கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டபோதுகூட அப்படிச் சொல்லாத மனுஷன்.

அண்ணாச்சி டார்ச்சை அணைக்காமல் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "இரும் வே" என்றார். "பல்லைத் தேய்ச்சாச்சு. ஈறைத் தேய்ச்சோமா?"

எங்களுக்குப் புரியவில்லை. டார்ச்சை அந்தப் பள்ளத்தின் மேல் பிடித்துக் காட்டினார். கார்டு சொருகுகிற நீளப் பள்ளத்தில், காலையில் அழுத்திச் சொருகியபோது வழித்துக்கொண்டு போன சந்தனம் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. அண்ணாச்சி எழுந்து போய்த் தன் பையைத் துழாவினார். பிரயாணத்துக்கென்று மதுரையில் வாங்கின புது பல் பிரஷ், எங்கள் வீட்டில் வேப்பங்குச்சி கிடைத்ததில் இன்னும் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. "ஊர்ல இது ஒண்ணுதான் இன்னைக்குப் பூசையில இல்லாத ஆயுதம்" என்று காகிதத்தைக் கிழித்தார். பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, பெட்டியைச் சரித்து வைத்து, உலர்ந்த பிரஷ்ஷால் பள்ளம் முழுக்கத் தேய்த்தார். மஞ்சள் பொடி தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. நம்ம ஆள் எவ்வளவு தாராளமாகச் சாத்தியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுபடியும் கார்டு. மறுபடியும் சுவிட்ச். காற்றாடி சுற்றியது. நாங்கள் நாலு பேரும் பெட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்.

"குறில்" என்றார் என் வீட்டுக்காரர். "ஒரே ஒரு குறில்."

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. இவர் கட்டிய கையோடு அழுதார். டீச்சர், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அண்ணாச்சி, "முருகா" என்றார். நான் ரெண்டு பேரையும் பார்த்து, பிரஷ்ஷுக்கும் ரப்பருக்கும் யாராவது ஒரு நன்றி சொல்லுங்க என்றேன்.

அடுத்த நாள் எழுந்ததும் தூறல். மறுபூஜையை முடித்துவிட்டு, தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, திரையில் 'சரஸ்வதி துணை' போட்டு வைத்து, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தெருவில் ஒரு குடையும் காணோம். மிஷின் பிழைத்தது சரி, ஆள் வர வேண்டுமே. அண்ணாச்சி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். சாக்குகளை அவர் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

முதலில் மாரிக்கண்ணு வந்தாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. "எங்க மதினி அந்தப் பட்டை போட்ட மிஷின்?" என்றாள். அவளுக்குப் பின்னால் பூத்துக்காரர் வீட்டு அம்மா. அதற்குப் பின்னால், பீடி பிடித்து இருமினாரே, அந்தப் பெரியவர், பேத்தியோடு. "நேத்து பீப்பீன்னாரே, அது இதுக்குத்தானா?" என்று கேட்டார். நேற்று நான் ரப்பர் கேட்டு ஏறி இறங்கின வீடெல்லாம் கதை கேட்க வந்துவிட்டது. ஹெப்சிபா டீச்சர் தன் தங்கை பிள்ளைகளையும், போகிற வழியில் கண்ணில் பட்ட பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார். திருநீறு பூசியதில் வாய் அடைத்துப்போய் ரப்பரால் அழித்ததும் பேசின மிஷினைப் பார்க்காமல் ஊரில் யாருக்கும் சோறு இறங்காது போலிருந்தது. முன் ரூம் நிறைந்து, வாசல் நிறைந்து, தூறலில் குடை பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார்கள்.

வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளை தொடுவதற்கு முன்னால் மிஷினுக்கு வைக்க வேண்டாமா? என் வீட்டுக்காரர் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். காலையிலேயே ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். பெட்டியின் வெளித் தகரத்தில் வட்டமாக ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, அதில் டைப் அடித்தது மாதிரி அழகான கையெழுத்தில் 'நெற்றி' என்று எழுதியிருந்தார்.

"இங்கன மட்டும்தான். வேற எங்கனயும் கை போகக் கூடாது. கேட்டுக்கிடுங்க, இங்கன மட்டும்."

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முதலில் நெல்லில் விரலால் 'அ' எழுத வேண்டும். பிறகு அந்த விரலைப் பிடித்து இவர் விசைப்பலகையில் 'அ' இருக்கிற கட்டையின் மேல் வைப்பார். திரையில் பெரிசாக 'அ' வந்து நிற்கும். மாரிக்கண்ணு மகள் கையை எடுக்க மறந்துவிட்டாள். அஅஅஅஅ என்று திரை முழுக்க ஓடியது. தப்பு செய்துவிட்டோம் என்று அவள் உதடு பிதுங்கியது. "அழாத தாயி. இது அங்கனயே செத்துப்போவும்" என்று இவர் எல்லாவற்றையும் ஒரு தட்டில் அழித்துக் காட்டினார். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில், இனி அவளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவதுதான் கஷ்டம் என்று தெரிந்துவிட்டது.

நான் அடுக்களைக்கு ஓடினேன். சுண்டல் அண்டா நிறைய இருந்தது. எடுத்துக் கொடுக்கத் தட்டைத் தேடினால் ரெண்டே ரெண்டு இருந்தது. மற்றது எல்லாம் எங்கே என்று ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். அண்ணாச்சி கூட்டத்துக்கு நடுவில் நின்று, ஈறைத் தேய்த்த கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தட்டு பத்தல" என்றேன். "மூட்டைய அவுங்க."

என்னைப் பார்த்தார். முன் ரூமைப் பார்த்தார். அங்கே என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ'வைத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது எதுவும் அவர் காதில் விழவில்லை.

கத்திரிக்கோல் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். "தைச்சவனுக்குப் பிரிக்கத் தெரியாதா?" என்று அண்ணாச்சி சாக்குக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். இந்தக் கோடியில் தடவி, அந்தக் கோடியில் தடவி, நூலின் நுனியைக் கண்டுபிடித்து ஒரு இழு இழுத்தார். தையல் மொத்தமும் சர்ரென்று உருவிக்கொண்டு அவர் கையோடு வந்தது.